நன்னடத்தைக்கு ஐம்பத்திரண்டு ரூபாய்

தணிகாசலம் ஒரு குற்றமும் செய்யாமல் ஓய்வுபெறப் போகிறார் என்பது 1970 நவம்பரில்தான் அவருக்கே தெரியவந்தது. அதுவரை அதை ஒரு குறையென்று அவர் நினைத்ததில்லை.

பட்டுச்சேலைக்குப் போடும் சரிகையில் வெள்ளி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து முத்திரை வைத்துக் கொடுக்க, காஞ்சிபுரத்தில் ஓர் அரசாங்க அலுவலகம் இருந்தது. சரிகைப் பரிசோதனை நிலையம் என்று பெயர். வியாபாரிகள் சரிகைக் கட்டுகளைக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் கொஞ்சம் வெட்டி மாதிரிக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்துக்கு முத்திரை போட்டு அனுப்புவார்கள். பரிசோதனைத் தராசு 1958இல் பழுதுபார்க்கச் சென்னைக்குப் போனது, திரும்பவில்லை. அதனால் முத்திரை போடும் வேலையில் எந்தத் தடங்கலும் ஏற்படவில்லை. சொல்லப்போனால் வேகம் கூடியிருந்தது.

தணிகாசலம் அங்கே எழுத்தர். முப்பது வயதுவரை அப்பாவின் தறியில் உட்கார்ந்திருந்துவிட்டு, பத்தாவது படித்த ஒரே காரணத்தால் 1946இல் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவர். வீட்டில் மனைவி நீலாம்பாள். புருஷன் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்ட மகள் கலாவதி. தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். வரும் ஜூன் முப்பதாம் தேதி தணிகாசலத்துக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. அன்றோடு சரியாக இருபத்தைந்து வருஷம் என்று விரல்விட்டு எண்ணிவைத்திருந்தார்.

கணக்கு அலுவலகம் வேறுமாதிரி எண்ணியிருந்தது. 1951இல் டைபாய்டு காய்ச்சலில் அவர் ஏழு மாதம் படுத்துவிட்டார். அந்த ஏழு மாதம் சேவையில் சேராது, ஆகவே மொத்தம் இருபத்து நாலு வருஷம் ஐந்து மாதம் என்று கடிதம் வந்தது. இருபத்தைந்து வருஷம் முடித்தவருக்கு மாதம் எண்பத்து மூன்று ரூபாய் பென்ஷன். ஒரு நாள் குறைந்தாலும் ஐம்பத்திரண்டு. அந்த வித்தியாசத்தில்தான் வீட்டு வாடகை இருந்தது.

இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் ஊரில் ஓர் ஆள் இருந்தார். வீரபாகு. தாலுகா ஆபீசுக்கு எதிரிலிருந்த ஓட்டலில், மூலை மேஜையில், காலை பத்திலிருந்து ஐந்துவரை உட்கார்ந்திருப்பார். வயது அறுபத்து மூன்று. ஆனால் சட்டப்படி இன்னும் சர்க்கார் ஊழியர். எட்டு வருஷத்துக்கு முன், ஓய்வுபெற இரண்டு நாள் இருக்கையில், ஒரு பதிவேட்டைத் தொலைத்ததாக அவரை சஸ்பென்ட் செய்தார்கள். குற்றச்சாட்டில் இருப்பவரை விசாரணை முடியும்வரை ஓய்வுபெற அனுமதிக்கக்கூடாது என்று விதி. பதிவேடு கிடைத்தால்தான் விசாரணை முடியும். பதிவேடு அவர் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

தணிகாசலம் இரண்டு இட்லியும் காப்பியும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடிதத்தைக் காட்டினார். வீரபாகு அதை ஒரு பார்வைதான் பார்த்தார்.

"நல்லவனா ரிடையரானா உனக்கு அம்பத்திரெண்டு. குத்தவாளியா இருந்தா எம்பத்திமூணு. நடுவுல ஏழு மாசம் இருக்குது. அத்த சர்க்கார் குடுக்காது. குத்தம்தான் குடுக்கும்" என்றார்.

பிறகு விளக்கினார். சஸ்பென்ட் ஆனால் பாதிச் சம்பளம் வரும். வயது ஆனாலும் அனுப்ப மாட்டார்கள். விசாரணை எப்படியும் ஏழு மாதத்துக்கு மேல் இழுக்கும். குற்றமில்லை என்று தீர்ப்பானால் அந்தக் காலமும் சேவையில் சேர்ந்துவிடும். குற்றம் சின்னதாக இருக்கவேண்டும், விசாரணை பெரிதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

தணிகாசலத்துக்கு முதலில் கூச்சமாக இருந்தது. வீட்டில் சொன்னார். நீலாம்பாள் முப்பத்தொரு ரூபாயைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு, ஊரில் யார்தான் செய்யவில்லை, ஜாக்கிரதையாகச் செய்யுங்கள் என்றாள்.

முதலில் தாமதமாகப் போய்ப்பார்த்தார். இருபத்து நாலு வருஷமாகப் பத்து மணிக்கு உள்ளே இருந்தவர், பதினொன்றரைக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. காவல்காரர் அவருக்காகத் திறந்துவிட்டார். மறுவாரம் பன்னிரண்டரைக்குப் போனார். பக்கத்து மேஜை எழுத்தர், ஒரே குடும்பமாக வேலை செய்கிறோம் என்று சொல்லி, அவர் கையெழுத்தை ஏற்கெனவே போட்டுவைத்திருந்தார். அந்த மாதம் தணிகாசலம் ஆறு நாள் வரவேயில்லை. வருகைப் பதிவேட்டின்படி அவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து வந்திருந்தார்.

அடுத்தது மேலதிகாரியை அவமதிப்பது. நிலையத்தின் தலைவர் கோதண்டபாணி. தணிகாசலம் இரண்டு நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு கோப்பில் எழுதினார்: 'இந்த அலுவலகத் தலைவர் அறிவில்லாதவர் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' கோதண்டபாணி அதன் கீழே, 'பார்த்தேன். ஒப்புதல். சென்னைக்கு நகல் அனுப்புக' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சென்னையிலிருந்து ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. விவரம் குறித்துக்கொள்ளப்பட்டது என்றும், இனி இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று பிரதிகளில் அனுப்ப வேண்டும் என்றும் இருந்தது. மார்ச் மாதத்துக்கானதைத் தணிகாசலமே தட்டச்சு செய்து அனுப்பினார்.

மிச்சமிருந்தது லஞ்சம். குமாரசாமி என்ற சரிகை வியாபாரி முத்திரைக்கு வந்தபோது, தணிகாசலம் எல்லோர் முன்னாலும், மேஜைக்கு மேலேயே கையை நீட்டி ஐந்து ரூபாய் கேட்டார். குமாரசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமும் வாங்காத மனுஷர் உள்ளே என்ன எழுதிவைத்திருக்கிறாரோ என்று தூங்காமல் கிடந்திருக்கிறேன், இன்றைக்குத்தான் வயிற்றில் பால் வார்த்தீர்கள் என்று சொல்லிப் பத்து ரூபாயாகக் கொடுத்தார். அவர் படியிறங்குவதற்குள் பியூன் வந்து தலைவருக்கு நாலு, மேற்பார்வையாளருக்கு இரண்டு என்று பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் தணிகாசலம் சட்டைப்பையில் வைத்தான். அன்று முதல் அலுவலகத்தில் அவரை அண்ணே என்று கூப்பிட்டார்கள்.

குற்றம் என்று எதைத் தொட்டாலும் அது அங்கே ஏற்கெனவே வேலையாக இருந்தது.

ஜூன் பன்னிரண்டாம் தேதி, வேறு வழியில்லாமல், தணிகாசலம் நேராகக் கோதண்டபாணியின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். தாமதமாக வந்ததையும், ஆறு நாள் வராததையும், அறிவில்லாதவர் என்று எழுதியதையும், பத்து ரூபாயையும் வரிசையாகச் சொல்லி, எதற்காவது தன்னை சஸ்பென்ட் செய்யும்படி கேட்டுக்கொண்டார்.

கோதண்டபாணி கோபிக்கவில்லை. உட்காரச் சொன்னார்.

"தணிகாசலம், இந்த ஆபீஸ்ல ஒரு தப்பும் நடக்கலேன்னு இருவது வருஷமா மாசாமாசம் ரிப்போர்ட் போய்க்கினு இருக்குது. இப்ப நான் உங்க மேல ஒரு குத்தம் எழுதினா, அந்த எரநூத்தி நாப்பது ரிப்போர்ட்டும் பொய்னு ஆயிடும். பொய் ரிப்போர்ட் அனுப்பினது யாரு? நானு. உங்களுக்கு முப்பத்தொரு ரூபா வரணும்னு நான் என் நேர்மைய வுட்டுக் குடுக்கணும். அது சும்மா வருமா, சொல்லுங்க."

அவர் நேர்மையின் விலை அறுநூறு ரூபாய். செவிலிமேட்டில் ஒரு மனை வாங்க முன்பணமாகச் சேர்த்து வைத்திருந்தது எழுநூறு இருந்தது. இருபது மாதத்தில் திரும்பிவிடும் என்று நீலாம்பாள் கணக்குப் போட்டு எடுத்துக் கொடுத்தாள். லஞ்சம் வாங்கியதற்கு சஸ்பென்ட் ஆகலாம் என்று போனவர், அதற்காக அறுபது மடங்கு லஞ்சம் கொடுத்துவிட்டு வந்தார்.

பணத்தை மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டே கோதண்டபாணி அவருக்குத் தைரியம் சொன்னார்.

"இன்னா குத்தம்னு நீங்க கவலப்படாதீங்க. நம்ம ஆபீஸ்ல குத்தம் ரெடியா இருக்குது. ஆள்தான் இல்லாம இருந்தது."

ஜூன் முப்பது மாலை நாலு மணிக்கு உத்தரவு கொடுத்தார்கள். பிரிவுபசாரத்துக்கென்று வாங்கிய ரோஜா மாலை வீணாகக்கூடாது என்று அதையும் போட்டார்கள். தணிகாசலம் மாலையும் சஸ்பென்ட் உத்தரவுமாக வீட்டுக்கு வந்தார். கலாவதி கேசரி கிளறியிருந்தாள். உத்தரவு இங்கிலீஷில் நாலு பக்கம் இருந்தது. சின்ன விஷயமாகத்தான் இருக்குமென்று யாரும் படிக்கவில்லை.

மறுநாள் வீரபாகு படித்தார். முதல் பக்கத்தில் காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தவர் மூன்றாம் பக்கத்தில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பதின்மூன்று வருஷமாக இரும்பு அலமாரியில் சேர்த்துவைத்த சரிகை மாதிரிகள், ஒன்பது கிலோ நானூறு கிராம், காணவில்லை. எழுத்தர் தணிகாசலம் கையாடல் செய்துவிட்டார். அந்த மாதிரிகள் வருஷாவருஷம் எங்கே போகும் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கோதண்டபாணி வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஓர் அங்குலம் வளர்ந்துகொண்டிருந்தது.

"சின்னக் குத்தமா கேளுன்னு சொன்னேனே" என்றார் வீரபாகு.

"தலைவர் பாத்துக்கறேன்னாருண்ணே."

"பாத்துக்கினாரு" என்றார் வீரபாகு. அன்று காப்பிக்கு அவரே காசு கொடுத்தார்.

இப்படித் தணிகாசலத்தின் கூடுதல் சேவை ஆரம்பித்தது. மாதம் நூற்றுப்பத்து ரூபாய் பாதிச் சம்பளம். தினமும் காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடவேண்டும், ஊரை விட்டுப் போகக்கூடாது. காலை பத்து மணிக்கு அங்கே கையெழுத்துப் போடுகிற ஒரே ஊழியர் அவர்தான்.

ஒன்பது கிலோ சரிகை அவர் வீட்டில் இருப்பதாகத் தெருவே நம்பியது. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். நீலாம்பாளின் தம்பி முசரவாக்கத்திலிருந்து வந்து, யாருமில்லாத நேரம் பார்த்துக் கிணற்றடியில் இரண்டு அடி தோண்டிவிட்டு, ஒன்றும் கிடைக்காததால், அக்கா தன்னை நம்பவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனார். கலாவதியிடம் பட்டு ரவிக்கை தைக்கக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கொடுத்த ஒன்றிரண்டு பேரும் கரைச் சரிகையை அளந்துபார்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அவளுக்குப் பாவாடையும் தலையணை உறையும்தான் வந்தன.

1973இல் கோதண்டபாணி முழுப் பென்ஷனோடு ஓய்வுபெற்றார். கலியாண மண்டபத்தில் விழா. ஊழியர் என்ற முறையில் தணிகாசலத்திடமும் பத்து ரூபாய் வசூலித்தார்கள். ஏற்புரையில் கோதண்டபாணி மனம்விட்டுப் பேசினார்.

"முப்பத்திரண்டு வருட சேவையில் நான் ஒரே ஒரு குற்றவாளியைத்தான் கண்டுபிடித்தேன். அவரும் தாமாகவே வந்து, என்னைத் தண்டியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட ஒரு ஒழுக்கத்தை இந்த நிலையத்தில் நான் வளர்த்திருக்கிறேன். என் கைகள் சுத்தமானவை. அந்தக் கைகளுக்கு என்னவெல்லாம் வந்தது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் வியாபாரப் பெருமக்களுக்குத் தெரியும்."

வியாபாரப் பெருமக்கள் நெடுநேரம் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் தணிகாசலமும் தட்டினார்.

விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஏழு மாதம் முடிந்த அன்று தணிகாசலம் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது, இனி முடித்தால் போதும் என்று மனுப்போட்டார். முதல் விசாரணை அதிகாரி, காணாமல்போனது எவ்வளவு என்று தெரிய, மிச்சமிருப்பதை நிறுத்துப் பார்க்கவேண்டும் என்றார். தராசு சென்னையில் இருந்தது. தராசு வரும்வரை ஒத்திவைத்தார். இரண்டாமவர் வந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தராசு எங்கே என்றார். மூன்றாமவருக்குத் தராசு ஞாபகத்துக்கு வரும்முன்பே மாற்றலாகிவிட்டது. நாலாமவர் தணிகாசலத்தைத் தனியாகக் கூப்பிட்டு, சரிகையில் தனக்குக் கால் பங்கு கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார். என்னிடம் இல்லை ஐயா என்றதும், ஒத்துழைக்க மறுக்கிறார் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில், 1975இல் வீரபாகு காலமானார். அறுபத்தெட்டு வயதில், மூலை மேஜையில், ஒருவருக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கும்போதே மார்பு வலித்துப் போய்விட்டார். விசாரணை முடியாததால் அவர் பணியில் இருக்கும்போது மறைந்த ஊழியர். துறையிலிருந்து மலர்வளையம் வந்தது. மனைவிக்குப் பெரிய தொகை ஒன்று மொத்தமாகக் கிடைத்தது, மாதப் பென்ஷனும் கிடைத்தது. நாற்பது வயது மகனுக்குக் கருணை அடிப்படையில் அப்பாவின் வேலையைக் கொடுத்தார்கள். அவன் சேர்ந்த முதல் நாளே பதிவேட்டை வீட்டுப் பெட்டியிலிருந்து கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டான். துக்கத்துக்குப் போய்வந்த நீலாம்பாள், அந்தம்மா கழுத்தில் கிடந்த புதுச் சங்கிலியைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை சொன்னாள்.

1978 டிசம்பரில் ஐந்தாவது விசாரணை அதிகாரியாகப் பெரியநாயகி என்றொரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நேராகப் பரீட்சை எழுதி உத்தியோகத்துக்கு வந்தவள். வந்த அன்றைக்கே கோப்பு முழுவதையும் படித்தாள். அந்த அலுவலகத்தில் அதற்குமுன் யாரும் செய்யாத காரியம் அது. அலமாரிச் சாவி எந்தக் காலத்திலும் தணிகாசலம் கையில் இருந்ததில்லை என்று இரண்டாம் நாள் கண்டுபிடித்தாள். மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

"ஏழு வருஷமா உங்கள இப்படி வச்சிக்கினு இருந்தது அநியாயம், ஐயா. நீங்க ஒரு குத்தமும் செய்யல. அத்த நான் எழுதிட்டேன்" என்றாள்.

தணிகாசலம் அழுதுவிட்டார். நன்றாயிரும்மா என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதறி எழுந்து நின்றாள். இந்தக் கதையில் வந்த ஒரே நேர்மையான அதிகாரி அவள்தான். அதன் பலனும் சீக்கிரமே தெரிந்தது.

உத்தரவு வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். ஜனவரியில் தணிகாசலத்துக்குச் சளி கட்டி, ஜுரமாகி, நுரையீரலில் இறங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் ஒருநாள் வைத்துப்பார்த்துவிட்டு, வயசானவர், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். நீலாம்பாள் விடவில்லை. தனியார் டாக்டரை வரவழைத்தாள். ஊசி மருந்துக்காகத் தையல் மிஷினை விற்றார்கள். கலாவதிதான் வண்டியில் ஏற்றிவிட்டு வந்தாள். பத்தொன்பது நாள் அம்மாவும் மகளும் மாறிமாறி உட்கார்ந்து, ஒத்தடம் கொடுத்து, கஞ்சி ஊட்டி, அவரை இழுத்துப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். நெஞ்சில் பலம் ஏற மூன்று மாதமாவது தினமும் அரைப்படி பால் கொடுக்கவேண்டும் என்றார் டாக்டர். பால்காரம்மாவிடம் சொல்லிவைத்தார்கள்.

பிப்ரவரி இருபதாம் தேதி ராஜகோபால் என்ற புது எழுத்தர் உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். நல்ல பையன். இங்கிலீஷில் இருந்ததை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்.

தணிகாசலம் குற்றமற்றவர். ஆகவே அவரை சஸ்பென்ட் செய்ததே செல்லாது. சஸ்பென்ட் செல்லாது என்றால், அவர் 1971 ஜூன் முப்பதாம் தேதியே ஓய்வுபெற்றிருக்கவேண்டும். ஆகவே ஓய்வுபெற்றுவிட்டார். சேவைக்காலம் இருபத்து நாலு வருஷம் ஐந்து மாதம். பென்ஷன் ஐம்பத்திரண்டு. ஓய்வுபெற்ற பிறகும் தொண்ணூற்றிரண்டு மாதம் அரசாங்கத்திடம் நூற்றுப்பத்து வீதம் வாங்கியிருக்கிறார். சேரவேண்டிய பென்ஷன் போக, ஐயாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு ரூபாய் அதிகம். அதை மாதம் இருபத்திரண்டு வீதம் பிடித்துக்கொள்வார்கள். கையில் முப்பது ரூபாய் வரும். அவருடைய எண்பத்திரண்டாவது வயதில் பாக்கி தீரும். அதுவரை உயிரோடிருப்பேன் என்று உறுதிமொழி எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு கொடுக்கவேண்டும்.

தணிகாசலம் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று மட்டும் கேட்டார். ராஜகோபாலுக்கு மனசு தாங்கவில்லை. கலாவதி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ஆறுதலாகத்தான் சொன்னார்.

"டைம் சரியில்ல ஐயா, இன்னா பண்றது. போன மாசம் நீங்க சீரியஸா கெடந்தீங்களே, அப்ப இந்த ஆர்டர் வரல, சர்வீஸ்லதான் இருந்தீங்க. அப்பவே எதுனா ஆயிருந்தா கைக்குப் பன்னெண்டாயிரம். ஆயுசு பூரா அம்மாவுக்கு மாசம் தொண்ணூறு. இவங்களுக்கு நம்ம ஆபீஸ்லயே வேல."

நீலாம்பாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் வந்தாள்.

"எவ்ளோன்னு சொன்னீங்க?"

ராஜகோபால் மறுபடியும் சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டாள். கலாவதி, மிஷின் இருந்த மூலையைப் பார்த்தபடி நின்றாள். தணிகாசலம் உறுதிமொழியில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். அம்மாவும் மகளும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ராஜகோபால் மையை ஊதி உலர்த்திவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பால்காரம்மா வந்தாள். தணிகாசலம் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். நீலாம்பாள் பாத்திரத்தோடு வாசலுக்குப் போனாள். நாளையிலிருந்து வேண்டாம் என்று அவள் சொல்வது அவருக்குக் கேட்டது. ஐயாவுக்கு அதுக்குள்ள ஒடம்பு தேறிடுச்சாம்மா என்று பால்காரம்மா விசாரித்தாள். நீலாம்பாள் என்ன பதில் சொன்னாள் என்பது உள்ளே கேட்கவில்லை.